பங்கு பிரிக்கும் முன் எதைக் கழிப்பது?

கேள்வி:

அக்கா, வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. அப்பா காலத்தில் ஆரம்பித்த கால்பந்து கிளப்புக்கு இப்போது நான் செயலாளர். சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் பெண்கள் அணியும் தொடங்கினோம். 16 பிள்ளைகள் ஆடுகிறார்கள். போன மாதம் பொதுக்குழுவில் கணக்கு வாசித்தபோது, கடல்பாசி எடுக்கப் போகிற ஒரு அம்மா எழுந்து, "ரெண்டு டீமுக்கும் மாசம் அம்பது ரூபாதானே வாங்குறீக, செலவு மட்டும் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை. இரண்டு அணிக்கும் சமமாக ஒதுக்கலாமே என்று நான் சொன்னேன். அதிலிருந்து சீனியர்கள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பணம் கொண்டுவருவது ஆண்கள் அணி, ஐஸ் பிளான்ட் முதலாளி ஆண்களுக்குத்தான் ஸ்பான்சர் செய்கிறார், பெண் பிள்ளைகள் கல்யாணம் ஆனால் போய்விடுவார்கள் என்கிறார்கள். ஒரு கமிட்டி உறுப்பினர் ராஜினாமா கடிதமே கொடுத்துவிட்டார். சமமாகப் பிரிப்பது சரியா? சரி என்றால் எப்படிச் செய்வது? வேறு யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா? வரவு செலவுத் தாளையும், ரசீதுப் புத்தக நகலையும், பெண்கள் அணியின் நிலை பற்றிய குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, கடிதத்தைவிட நீங்கள் இணைத்திருந்த தாளைத்தான் அதிக நேரம் பார்த்தேன். கணக்குத் தணிக்கை செய்கிறவளின் தொழில் பழக்கம். சமமாகப் பிரிப்பது சரிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதைச் சமமாகப் பிரிப்பது என்பதில் பல கிளப்புகள் தடுமாறிவிடுகின்றன. அதனால் உங்கள் கணக்கிலிருந்தே போவோம்.

போன வருடம் உங்களுக்கு வந்தது 3,60,000 ரூபாய். 80 உறுப்பினர்களின் சந்தா 48,000. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பியது 1,40,000. ஐஸ் பிளான்ட் முதலாளி கொடுத்தது 60,000. திருவிழா டோர்னமெண்ட் நடத்தி மிஞ்சியது 72,000. ஆண்கள் அணி வெளியூரில் ஜெயித்துக் கொண்டுவந்த பரிசு 40,000.

"பணம் கொண்டுவருவது ஆண்கள் அணி" என்று சீனியர்கள் சொல்வது அந்தக் கடைசி 40,000-ஐ மனதில் வைத்துத்தான் இருக்க வேண்டும். சரி, அதையே பார்ப்போம். செலவுப் பக்கத்தில் ஆண்கள் அணிக்கு 2,14,000. அதில் பயணம் 92,000, உடை, பூட்ஸ், பந்து 48,000, சாப்பாடு 29,000. மீதி 45,000 'கெஸ்ட் பிளேயர்' என்ற தலைப்பில் இருக்கிறது. எழுவர் டோர்னமெண்டுக்கு வெளியூரிலிருந்து ஆள் பிடித்து ஆடவைத்த சம்பளம் அது. அதாவது, 40,000 பரிசு வாங்க வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் 45,000 கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் 16 பேருக்கு ஒரு வருடம் முழுக்க ஆன செலவு 36,000. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்த வரியில் எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். குரலை உயர்த்தவே தேவையிருக்காது.

அப்புறம், சந்தாவும் ஊர்க்காரர் பணமும் திருவிழா டோர்னமெண்டும் எந்த அணியின் சம்பாத்தியமும் கிடையாது. அவை கிளப்பின் பணம். துபாயிலும் சவூதியிலும் இருந்து அனுப்புகிறவர்கள் 'ஊர் கிளப்புக்கு' என்றுதான் அனுப்பியிருக்கிறார்கள். ரசீதுப் புத்தகத்தின் நகலையும் வைத்திருந்தீர்கள். அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

பங்கு பிரிப்பதை நம் கடற்கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகு கரைக்கு வந்ததும் முதலில் டீசல், ஐஸ், ரேஷன் செலவைக் கழிக்கிறோம். மிச்சத்தைத்தான் பங்கு வைக்கிறோம். யாராவது ஒரு பெரியவர், படகுக்காரருக்கும் வலைக்கும் தனிப் பங்கு உண்டே, ஆண்கள் அணிதான் கிளப்பின் படகு என்று சொல்லக்கூடும். அது நியாயமான கேள்வி, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். படகுக்கு ஏன் தனிப் பங்கு? முதல் போட்டவர் ஒருவர் இருக்கிறார், உடைந்தால் நட்டம் அவருக்கு. உங்கள் கிளப்பில் முதல் போட்டது யார்? மாதம் 50 ரூபாய் தருகிற 80 பேரும்தான். அந்த அம்மாவும் அதில் ஒருவர்.

ஆகவே முதலில் பொதுச் செலவைக் கழியுங்கள். மைதானத்துக்கு 50,000, அலுவலகம், தணிக்கை, பதிவு வகைக்கு 12,000, கையிருப்பாக வைக்கும் 30,000. 'இதரச் செலவு' என்று 18,000 போட்டிருக்கிறீர்கள். அதை இந்த வருடம் ஒரே ஒரு காரியத்துக்கு ஒதுக்குங்கள். மைதானத்து ஓரத்தில் பிள்ளைகள் உடைமரத்துக்குப் பின்னால், ஒருத்தி துப்பட்டாவை விரித்துப் பிடிக்க, மறைந்து நின்று உடை மாற்றுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தகரம் அடித்த ஓர் அறை, ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய். 18,000-இல் முழுதாக முடியாது. ஊரில் கொத்தனார் வேலை தெரிந்த உறுப்பினர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கை கொடுத்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். இதைப் பெண்கள் அணியின் பங்கில் எழுதிவிடாதீர்கள். கழிப்பறை பொதுச் செலவு.

ஆக, கழிப்பது 1,10,000. வரவைக் கூட்டும்போது பரிசுத் தொகை 40,000-ஐச் சேர்க்காதீர்கள். ஜெயித்தால் வரும், தோற்றால் வராது. வராத பணத்தை நம்பிச் செலவு போட்ட சங்கங்கள் கடனில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போது வரவு 3,20,000, பொதுச் செலவு போக மிச்சம் 2,10,000. அணிக்கு 1,05,000.

ஐஸ் பிளான்ட் முதலாளியின் 60,000-க்கு வருவோம். இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஆண்கள் அணிக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வேறொன்றுக்குச் செலவழிக்கக் கூடாது. நன்கொடை கொடுத்தவர் என்ன காரணம் சொன்னாரோ அந்தக் காரணத்துக்குத்தான் அது போக வேண்டும். ஆனால் அதை ஆண்களின் 1,05,000-க்கு *உள்ளே* வையுங்கள். முதலாளியின் 60,000 போக, பொதுப் பணத்திலிருந்து ஆண்களுக்கு 45,000. பெண்களுக்குப் பொதுப் பணத்திலிருந்து 1,05,000. இரண்டும் சேர்ந்தால் 1,50,000, கையில் இருப்பதும் அதுவே. ஸ்பான்சர் பணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் பாதி பாதி போடுவதற்கு 'சமம்' என்று பெயர் வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஆண்களுக்கு 1,35,000, பெண்களுக்கு 75,000 என்று வந்து நிற்கும்.

அதற்கு முன் முதலாளியை நேரில் போய்ப் பாருங்கள். தூது அனுப்ப வேண்டாம். இரண்டு அணியின் ஜெர்சியிலும் பெயர் போடுகிறோம், அதே பணம்தான் என்று சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இப்படிக் கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேர், "என்னிடம் இதுவரை யாரும் கேட்கவே இல்லையே" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இதனால் ஆண்கள் அணிக்கு இழப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. 2,14,000-இலிருந்து 1,05,000-க்கு வருகிறார்கள். கெஸ்ட் பிளேயர்களை நிறுத்தினாலும் இன்னும் 64,000 குறைய வேண்டும். போன வருடம் 11 டோர்னமெண்டுக்குப் போயிருக்கிறார்கள், தூத்துக்குடி, காரைக்குடி, திண்டுக்கல் என்று. ஒரு தடவைக்குப் பயணமும் சாப்பாடும் சேர்த்துச் சுமார் 11,000 ஆகியிருக்கிறது. ஆறு டோர்னமெண்ட் என்று வைத்துக்கொண்டால் 66,000. மீதி 39,000-இல் உடையும் பந்தும் முடியும். கெஸ்ட் பிளேயர் நின்ற இடத்தில் உள்ளூர்ப் பையன் யாராவது ஆடுவான். முதல் வருடம் தோற்பார்கள். இதை மறைத்து, யாருக்கும் எதுவும் குறையாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஜூன் மாதம் அந்த வாக்கு உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

பெண்கள் அணிக்கு எவ்வளவு தேவை என்பதைப் பற்றி நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்தில் ஒரு பெண்கள் ஆட்டம். மாற்று ஆட்டக்காரியை இறக்க வேண்டும். வெளியே வந்த பிள்ளை கோட்டருகே மணலில் உட்கார்ந்து, அவசர அவசரமாகப் பூட்ஸைக் கழற்றினாள். உள்ளே போக வேண்டியவள் வெறுங்காலோடு அங்கேயே நின்று, அதை வாங்கி மாட்டினாள். அவளுக்கு அது பெரிது. முன்பக்கம் திணித்திருந்த செய்தித்தாள் வியர்வையில் ஊறிப் பிசைந்த மாவு போலக் கிடந்தது. அதை எடுத்து உதறிவிட்டு, யாரோ கொடுத்த புதுத் தாளைக் கசக்கித் திணித்தாள். நடுவர் விசில் ஊதி அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரமும் அந்த அணி பத்துப் பேரோடு ஆடியது. அந்த இடைவெளியில்தான் கோல் விழுந்தது. வெளியே நின்றவர்கள், "பொம்பளப் பிள்ளைகளுக்கு ஸ்டாமினா இல்ல" என்றார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கும் 16 பேருக்கு ஒன்பது ஜோடிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் செலவு அதுவாக இருக்கட்டும். ஒவ்வொருத்திக்கும் அவள் காலுக்கு அளவெடுத்த பூட்ஸ். அப்புறம் ஆண்களின் பழைய ஜெர்சியை ஊசி போட்டுச் சிறிதாக்குவதை நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழே லெக்கிங்ஸ் வேண்டுமென்று கேட்கிற வீடுகள் இருக்கும், தலையில் துணி கட்டி ஆடுவேன் என்கிற பிள்ளையும் இருப்பாள். 2014-லேயே கால்பந்தின் சர்வதேச விதிகளில் தலைத்துணிக்கு அனுமதி வந்துவிட்டது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வந்தால் இதைச் சொல்லி அவர்கள் வீட்டாரிடம் பேசலாம்.

சமமான பணம் எப்போதும் சமமான ஆட்டத்தைக் கொடுக்காது என்பதையும் கவனியுங்கள். பையன்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், ராத்திரி பதினொரு மணிக்குக் கடைசி வண்டியில் வந்து சேர்வார்கள். பிள்ளைகளுக்கு வேன் வேண்டும், கூட ஒரு அம்மா வர வேண்டும், அவருக்கு அன்றைய கூலி போகும். அதே 11,000 ரூபாய் அவர்களுக்குப் பாதி தூரம்தான் போகும். இந்த வருடம் அறை கட்டியதும், அடுத்த வருடத்திலிருந்து அந்த 18,000-ஐத் துணைக்கு வருகிற அம்மாவின் கூலிக்கும் வேன் வாடகை வித்தியாசத்துக்கும் பொதுச் செலவாகவே வையுங்கள்.

பணமே செலவில்லாத ஒன்று இருக்கிறது. அதை நாளைக்கே செய்துவிடலாம். ஆண்கள் தினமும் மாலை 5 மணிக்கு ஆடுகிறார்கள், பிள்ளைகளுக்கு 3 மணி. ஏப்ரல் மாதம் 3 மணிக்கு நம் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் மாலை ஆண்களுக்கு, மூன்று நாள் பெண்களுக்கு. மைதானத்து நேரமும் கிளப்பின் சொத்துதான், கணக்குப் புத்தகத்தில் வராது, அவ்வளவுதான். உங்கள் எதிர்ப்பாளர்கள் பணத்தைவிட இதற்குத்தான் அதிகம் கத்துவார்கள் என்று நினைக்கிறேன். விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேறு யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தின் தென்பகுதியில் லூயிஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அந்த ஊர் கிளப்புக்கு ரசிகர்கள்தான் உரிமையாளர்கள், உங்கள் சந்தாக்காரர்கள் மாதிரி. 2017-இல் அவர்கள் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே பட்ஜெட் என்று முடிவெடுத்தார்கள். சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் கிளப்புகளில் உலகிலேயே அதுதான் முதல். பெண்கள் அணி அடுத்த வருடமே நாட்டின் இரண்டாம் பிரிவுக்குப் போனது. 2023-இல் எஃப்.ஏ. கோப்பைக் கால் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் அந்தச் சின்ன மைதானத்துக்கு வந்து ஆடியது. லூயிஸ் தோற்றது. 2024-இல் இரண்டாம் பிரிவிலிருந்தும் இறங்கிவிட்டது. இறங்கியதையும் சேர்த்தே உங்கள் கமிட்டியில் சொல்லுங்கள். சமப் பங்கு கோப்பைக்கு உத்தரவாதம் தராது. ஆண்கள் அணிக்கு நீங்கள் எந்த வருடமாவது கோப்பையை உத்தரவாதமாகக் கேட்டுவிட்டா பணம் ஒதுக்கினீர்கள்?

"பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது" என்பவர்களுக்கு அதே நாட்டின் பழைய கதை ஒன்று. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரில் அங்கே கால்பந்துச் சங்கம், தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை நீங்க ஐம்பது வருடம் ஆயிற்று. மைதானத்தைப் பிடுங்கிக்கொண்டு கூட்டம் வரவில்லை என்று சொன்னால் எப்படி?

நம் பக்கமும் குறைவில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனவர். கல்யாணம் ஆனால் போய்விடுவார்கள் என்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் ஆண்கள் அணியிலிருந்து சவூதிக்கும் கத்தாருக்கும் போனவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அவர்கள் போய்விடுவார்கள் என்று யாராவது பூட்ஸ் வாங்காமல் இருந்தோமா?

ஒரு எச்சரிக்கை. தீர்மானத்தில் 'சம ஒதுக்கீடு' என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். 2022-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று அறிவித்தது, டெஸ்டுக்கு 15 லட்சம், ஒரு நாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். நல்ல காரியம். ஆனால் அப்போது வருடாந்திர ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சத் தொகை 7 கோடி, பெண்களின் உச்சத் தொகை 50 லட்சம். எது சமம், எது சமமில்லை என்பதைத் தலைப்பு தலைப்பாக எழுதுங்கள்: பொதுச் செலவில் எவை வரும், ஸ்பான்சர் பணம் எந்தப் பங்கில் சேரும், மைதான நேரம் எப்படி, பரிசு வந்தால் எங்கே போகும். பரிசைப் பொறுத்தவரை என் யோசனை, எந்த அணி ஜெயித்தாலும் அது பொது வரவு, ஜெயித்தவர்களுக்கு அதிலிருந்து ஒரு பிரியாணி.

சட்டப்படி சிக்கல் எதுவும் இல்லை. நீங்கள் 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்தவர்கள். பட்ஜெட் ஒதுக்கீடு பொதுக்குழுவின் கையில் இருக்கிறது, சாதாரணத் தீர்மானம் போதும். அடுத்து வருகிற கமிட்டி மாற்றிவிடக் கூடாது என்றால் துணைவிதியிலேயே சேர்க்க வேண்டும். அதற்குச் சிறப்புத் தீர்மானம், கூட்டத்துக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் நாலில் மூன்று பங்கு வேண்டும், பிறகு பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இப்போதே அதற்குப் போகாதீர்கள். ஏப்ரல் 1 முதல் ஒரு வருடம் சாதாரணத் தீர்மானத்தில் நடத்துங்கள். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், உங்கள் டோர்னமெண்டும் அப்போதுதான். பெண்கள் ஆட்டத்தை அதே மைதானத்தில், ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் வையுங்கள். ஊர் பார்க்கட்டும். துணைவிதியை அதற்கடுத்த வருடம் திருத்தலாம். கமிட்டியிலும் பெண்கள் இரண்டு பேராவது வேண்டும். உறுப்பினர் ஆவதற்குப் பிள்ளைகளுக்கு வயது போதவில்லை என்றால் தாய்மார்களைச் சேருங்கள், சந்தா அவர்கள்தானே கட்டுகிறார்கள்.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு தவறு என் கையாலேயே நடந்திருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு விளையாட்டுச் சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்தேன். அங்கேயும் பெண்கள் அணி ஒன்று இருந்தது. கணக்கில் அவர்களுக்கென்று ஒரு தலைப்பே இல்லை. டீ, ஜெராக்ஸ், சிறப்பு விருந்தினருக்கு மாலை, இவற்றோடு சேர்த்து 'இதரச் செலவு' என்ற வரியில் அவர்களின் பஸ் கட்டணம் இருந்தது. கூட்டுத்தொகை சரியாக இருந்தது. பச்சை மையில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டு வருடத்தில் அந்த அணி கலைந்தது. அப்படி ஓர் அணி இருந்ததாக இன்று அந்தச் சங்கத்தின் எந்தப் புத்தகத்திலும் காட்ட முடியாது. தொகை சரியா என்று பார்த்த நான், யார் எந்த வரியில் இருக்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். உங்கள் தாளில் 'பெண்கள் அணி' என்று தனித் தலைப்பு இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ராஜினாமா கொடுத்தவரின் கடிதத்தை உடனே ஏற்காதீர்கள். அவர் வீட்டுக்குப் போங்கள். திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் கிளப்புக்காகக் காசும் உழைப்பும் போட்டவர், தன் அணியை யாரோ பிடுங்குகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அந்தப் பழைய 11 டோர்னமெண்டில் எந்த ஆறு முக்கியம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

புது பட்ஜெட் தாளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். அந்த அம்மா கேட்ட கேள்வி மினிட் புத்தகத்தில் ஏறியதா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஏறவில்லை என்றால், அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அவர் பெயரோடு, அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.